தேனிலவுக்கு எத்தனை டிக்கெட்?

கல்யாணமாகி ஒரு வாரம் போனதும் வீட்டுப் பெரியவர்களில் ஒருவர் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டே, "ரெண்டு பேரும் எங்கயாவது போயிட்டு வாங்களேன்" என்பார். அகராதியில் 'எங்கயாவது' என்பதற்கு என்ன பொருளோ, நம் வீடுகளில் அதற்கு மலை என்று பொருள். தேனிலவு பத்திரிகைக்காரர்கள் எழுதும் சொல். ஹனிமூன் பிள்ளைகள் தங்களுக்குள் பேசிக்கொள்வது. பெரியவர்கள் இரண்டையும் வாயால் சொல்ல மாட்டார்கள். என் பாட்டி கடைசிவரை அதை "குளிர்ந்த ஊருக்குப் போறது" என்றுதான் சொன்னாள்.

நான் குளிர்ந்த ஊருக்குப் போனது 2006 ஆவணியில். பிறந்தது கும்பகோணம். எங்கள் பக்கத்தில் மலை என்றால் சுவாமிமலை. தமிழ் வருடங்களின் பெயரில் மொத்தம் 60 படி. பிரபவவில் காலை வைத்தால் மூச்சு வாங்குவதற்குள் அட்சயவில் சாமி தெரிந்துவிடும். அதற்கு மேல் உயரம் என்று உலகத்தில் ஒன்று இருப்பது பூகோளப் பாடத்தோடு எனக்கு முடிந்துபோன விஷயம். வாய்த்தவரோ போடிநாயக்கனூர்க்காரர். பல் தேய்க்க வாசலுக்கு வந்தால் மேற்குத் தொடர்ச்சி மலை எதிரே நிற்கும் ஊர் அது. குறிஞ்சிக்குக் கூடல், மருதத்துக்கு ஊடல் என்று இலக்கணத்தில் பிரித்து வைத்திருக்கிறார்கள். மருத நிலத்துக்காரியைக் குறிஞ்சிக்குக் கூட்டிப்போனால் இரண்டில் எது ஜெயிக்கும் என்று தொல்காப்பியர் எழுதிவைக்காமல் போய்விட்டார். அந்தக் குறையைத் தீர்க்கத்தான் இந்த வழிகாட்டி. போன வருஷம் கல்யாணமான என் அக்கா மகளுக்கு இதையெல்லாம் வாயாலேயே சொன்னேன். அவள் கேட்கவில்லை. அதனால் விளைந்தவையும் இதில் உண்டு.

எப்போது போவது

முகூர்த்தத்துக்குப் பஞ்சாங்கம் பார்த்த கையோடு இதற்கும் பார்த்துவிடுங்கள். சித்திரை, வைகாசியில் ஊட்டியில் மலர்க் கண்காட்சி நடக்கும். பூக்களைவிடத் தலைகள் அதிகமாகத் தெரியும். ஆனியில் முகூர்த்தம் இருக்கும், லீவு இருக்காது. ஆடி வந்தால் புதுப்பெண்ணைப் பிறந்த வீட்டுக்குக் கூட்டிப்போய்விடுவார்கள். காரணம் கேட்டால், ஆடியில் உண்டானால் சித்திரை வெயிலில் பிரசவம் வரும் என்பார்கள். எனக்கு வேறொரு காரணம் தோன்றுகிறது. தென்மேற்குப் பருவமழை வால்பாறையிலும் மூணாறிலும் கொட்டித் தீர்க்கும் மாதம் அது. காட்டில் இருக்கும் அட்டையெல்லாம் பசியோடு பாதையோரம் தலைதூக்கிக் காத்திருக்கும். மாப்பிள்ளையின் ரத்தத்தைக் காப்பாற்றத்தான் முன்னோர்கள் இந்த ஏற்பாட்டைச் செய்திருக்க வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. குன்னூர்ப் பாதையில் மண் சரிந்து மலை ரயிலை நிறுத்திவிடுவார்கள். நடுவில் தலைதீபாவளி வேறு. மார்கழியில் கல்யாணமே கிடையாது. தையில் தாலி கட்டி மாசி, பங்குனியில் மலையேறலாம் என்றால் அது காட்டுத்தீக் காலம், வனத்துறை பாதைகளை அடைத்துவிடும். அடைத்தால் அடைத்ததுதான், வேலி தாண்டாதீர்கள். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் பிடித்த தீயில் சிக்கி 23 பேர் இறந்துபோனார்கள். கல்யாணமாகிச் சில மாதங்களே ஆனவர்களும் அதில் இருந்தார்கள். நான் நடந்த மலை அது. அதைப் பற்றி வேடிக்கையாக எழுத என்னால் முடியாது. இப்போது முறையான வழி இருக்கிறது. 2024 அக்டோபரில் வனத்துறை 40 மலைப்பாதைகளைத் திறந்து, இணையத்தில் பதிவு செய்தால் வழிகாட்டியோடு அனுப்புகிறது. அப்படிப் போங்கள்.

ஆவணியில் நான் போன கதை பின்னால் வருகிறது. இத்தனையும் கழித்தால் வருஷத்தில் மிச்சம் புரட்டாசி. அந்த மாதத்தில் உங்கள் மாமனார் வீட்டில் யாராவது திருப்பதிக்கு டிக்கெட் போட்டிருப்பார்கள்.

முதலில் போக வேண்டிய ஊர்கள்

எந்தப் பயண நிறுவனமும் சொல்லாத செய்தி இது. மலைக்கு முன்னால் மாமா வீடு. புதுத் தம்பதி போகும் உண்மையான நெடும்பயணம் விருந்துச் சுற்றுதான். எங்களுக்கு ஒன்பது நாளில் பதினோரு வீடு வாய்த்தது: போடியில் நாலு, தேனியில் மூன்று, சின்னமனூரில் ஒன்று, உத்தமபாளையத்தில் ஒன்று, கம்பத்தில் இரண்டு. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சேவல் எங்களுக்காக உயிரை விட்டது. ஒரே நாளில் இரண்டு வீடு விழுந்தால் முதல் வீட்டில் சாப்பிட்டதை இரண்டாம் வீட்டில் மூச்சு விடக் கூடாது. சொன்னால், "அங்க மட்டும் சாப்பிட்டீகளாக்கும்" என்று அந்தக் கோபம் வளைகாப்பு வரைக்கும் வரும்.

ஆனால் மலைக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. இலைக்கு முன்னால் முக்கால் மணி நேரம் சம்மணம் போட்டிருந்துவிட்டுப் பட்டுச்சேலையோடு எழுந்திருக்கப் பழகியவளுக்கு எந்த ஏற்றமும் பெரிதில்லை. புருஷனைப் படிக்கவும் இதுதான் இடம். "வயிறு நிறைஞ்சிருச்சு அத்தை" என்பதை அவர் இரண்டு குரலில் சொல்வார். ஒன்றுதான் நிஜம். எது நிஜம் என்று எட்டாவது வீட்டில் எனக்குப் பிடிபட்டது.

குலதெய்வம் ஆண்டிபட்டிக் கணவாய்க்கு அந்தப் பக்கம். அங்கே பொங்கல் வைக்காமல் வேறெங்கும் நகரக் கூடாது என்று மாமியார் உத்தரவு. அன்று தூறல். ஈர விறகு பிடிக்காமல் ஒரு மணி நேரம் நாங்கள் இருவரும் மாற்றி மாற்றி ஊதியதில் என் கண் மையெல்லாம் அவர் சட்டையில் இருந்தது. இதையே இன்றைக்கு மலை விடுதிகளில் 'கேம்ப் ஃபயர்' என்று பெயர் வைத்துத் தனிக் காசு கேட்கிறார்கள்.

மூட்டை

அவர் எடுத்து வைத்தது ஒரு கைலி, இரண்டு பேன்ட், ஒரு டார்ச், பத்து முழம் நைலான் கயிறு.

"கயிறு எதுக்குங்க?"

"மலைக்குப் போறப்ப கயிறு வேணும்ல."

எதற்கு வேணும் என்று அவருக்கே தெரியாது. ஆண்கள் மலைக்குக் கயிறு எடுத்துப்போவதைக் கேள்வி கேட்கக் கூடாது. நாம் எடுத்துப்போகும் ஹேர் டிரையரை அவர்கள் கேட்கிறார்களா?

மறுவீட்டுக்கு வந்திருந்த அம்மா எனக்குக் கட்டிக்கொடுத்தவை வேறு ரகம். எவர்சில்வர் தூக்கில் நல்லெண்ணெய் மிதக்கும் புளியோதரை. மூன்று நாள் ஆனாலும் அசையாது. எலுமிச்சை ஊறுகாய், பருப்புப்பொடி, ஓம வாட்டர், தைலம். கடைசியாக ஒரு கைக்குட்டையில் கல் உப்பும் நாலு வரமிளகாயும் முடிந்து என் கைப்பைக்குள் திணித்தாள். "புதுப் பொண்ணு, நாலு பேர் கண்ணு படும். ராத்திரி சுத்திப் போட்டுடு. எங்க போனாலும் இதைக் கைய விட்டு எடுக்காதே." இந்த முடிச்சை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது. தூக்கைப் பார்த்து அன்றைக்கு என் நாத்தனார் சிரித்தார். இன்று நீலகிரிக்குப் போனால் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைச் சோதனைச் சாவடியிலேயே பிடுங்கிக்கொள்கிறார்கள். அம்மா முன்கூட்டியே போயிருக்கிறாள்.

இனி, எந்த வழிகாட்டியிலும் இல்லாத ஒன்று: மெட்டி. கல்யாணப் பெண்ணின் கால் அளவு கல்யாணத்துக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. இரண்டாம் விரலில் புத்தம் புது வெள்ளி மெட்டி, பக்கத்துக்கு ஒன்றாக உட்கார்ந்திருக்கும். வெறுங்காலில் நடந்தால் அழகு. செருப்பில் பரவாயில்லை. ஷூவுக்குள் போட்டு இறக்கத்தில் நடந்தால் ஒவ்வொரு அடிக்கும் அம்மி ஞாபகம் வரும். எனக்கு ஷூ வாங்கியது கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்னால். மாப்பிள்ளை வீட்டில் அளவு கேட்டு அனுப்பியிருந்தார்கள். யாரும் மெட்டியைக் கணக்கில் சேர்க்கவில்லை. கடைக்காரருக்கும் தோன்றவில்லை. அவர் வீட்டில் ஒரு பெண்மணி மெட்டியோடுதான் இருந்திருப்பார்.

தாலிக்கயிற்றின் புது மஞ்சள் வெள்ளை ஸ்வெட்டரில் ஒட்டினால் போகாது. ஸ்வெட்டரை மாற்றுங்கள்.

கொண்டை ஊசி

போடியிலிருந்து போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள். ஏற்காட்டுக்கு 20, ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40, கொல்லிமலைக்கு 70. புது ஜோடிகள் இருபதுக்குள் வைத்துக்கொள்வது நல்லது. எழுபதை முதலாம் ஆண்டு நிறைவுக்கு ஒதுக்கலாம், அதற்குள் ஒருவர் வாந்தியை ஒருவர் பார்த்துப் பழகியிருப்பீர்கள்.

வளைவில் தலை சுற்றுவதற்குக் காரணம் காதுக்குள் இருக்கிறது. உடம்பு திரும்புவதைக் காது சொல்கிறது. பக்கத்துச் சீட்டையே பார்த்துக்கொண்டிருக்கும் கண், ஒன்றும் நகரவில்லை என்கிறது. இரண்டும் சண்டை போட வயிறு நடுவில் மாட்டுகிறது. வண்டி ஓட்டுபவருக்கு இது வராது, அடுத்த வளைவு அவருக்கு முன்னாலேயே தெரியும். ஆகவே முன்சீட்டில் உட்கார்ந்து ரோட்டைப் பாருங்கள். நானும் முன்சீட்டில்தான் இருந்தேன். ஆனால் ரோட்டையா பார்த்தேன்? கல்யாணமாகிப் பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது.

பதினோராவது வளைவில் வந்தது. அவர் கைக்குட்டையை நீட்டினார். மாமியார் பின்னாலிருந்து பையை நீட்டினார். நாத்தனார் இஞ்சி மிட்டாயை நீட்டினார். மாமனார் வண்டியை ஓரங்கட்டச் சொன்னார். நாத்தனாரின் பிள்ளைகள் இரண்டும் கைதட்டின.

தேனிலவில் மாமியார் எப்படி வந்தார் என்று கேட்கிறீர்கள். தப்பு அவர்மேல் இல்லை. 2006 குறிஞ்சி பூத்த வருஷம். மூணாறு மலையில் நீலக்குறிஞ்சி பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மொத்தமாகப் பூக்கும். அதைக் காட்டத்தான் என்னைக் கூட்டிப்போகத் திட்டம். போவதற்கு முந்தின ராத்திரி சாப்பிடும்போது இந்தப் பன்னிரண்டு வருஷக் கணக்கை என் கணவர் வாய்விட்டுச் சொல்லிவிட்டார். மாமியார் ரசத்தை ஊற்றிக்கொண்டே, "அடுத்து பூக்கையில நான் இருப்பனோ என்னமோ" என்றார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எந்த மகன் இரண்டு டிக்கெட் எடுப்பான்? பஸ்ஸை விட்டுவிட்டு ஜீப் பிடித்தோம். தேனிலவுக்கு ஆள் எட்டு, டிரைவர் தனி.

எங்கள் தனிமையை உத்தேசித்து எங்களை முன்னால் உட்காரவைத்தார்கள். டிரைவர், அவர், நான். கியர் அவர் முழங்காலுக்கு நடுவில். ஒவ்வொரு வளைவிலும் டிரைவர் "சார், கொஞ்சம்" என்று அவர் காலைத் தள்ளி கியரைப் போட்டார். அன்று என் கணவரை அதிகம் தொட்டவர் டிரைவர்தான்.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது: போகும் ஊரில் பார்க்க என்ன இருக்கிறது என்று வீட்டில் விளக்கமாகப் பேசாதீர்கள். "அங்க ஒண்ணும் இல்லம்மா, ஒரே மழை, ஒரே அட்டை" என்றால் போதும்.

மூணாறில் இறங்கியதும் காபி. கும்பகோணத்துக்காரியிடம் நீட்டக்கூடிய காபி இல்லை அது; சூடே இல்லை. முகம் சுளித்தேன். மருத நிலம் தன் வேலையைத் தொடங்க இருந்த நேரம். அவர் கோபித்துக்கொள்ளாமல், மலையில் ஆயிரம் அடி ஏறினால் தண்ணீர் கொதிக்கும் வெப்பம் ஒரு டிகிரி குறையும், மூணாறு சுமார் 1,500 மீட்டர், ஆகவே இங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது, கடைக்காரர் என்ன செய்வார் என்று விளக்கினார். கணக்கு சரிதான். விளக்கி முடித்தபோது காபி ஆறியிருந்தது. அந்தக் குளிரில் எந்தப் பெண்ணுக்கும் வேண்டியது இன்னொரு காபி. மாப்பிள்ளைகள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

சென்ட்ரல் ஸ்டேஷன்

குறிஞ்சியைப் பார்த்தது டாப் ஸ்டேஷன் சரிவில். தனிப் பூவாகக் கிள்ளிப் பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. நம் வீட்டுக் கனகாம்பரத்துக்கு ஏதோ ஒரு வகையில் உறவு. ஆனால் ஒரு மலைச்சரிவு முழுக்க ஒரே சமயத்தில் ஊதாவும் நீலமுமாக நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. பிள்ளைகள்கூட இரண்டு நிமிஷம் பேசவில்லை. "பூத்து விதை போட்டதும் செடி செத்துரும்மா. விதை முளைச்சு திரும்பப் பூக்கப் பன்னெண்டு வருசம்" என்றார் அவர். "கல்யாணமாகி ரெண்டு வாரம் ஆகல, சாவுப் பேச்சு எதுக்குடா" என்று மாமியார் என் நெற்றியில் கை வைத்துத் திருஷ்டி கழித்தார். 36 படம் பிடிக்கும் ஃபிலிம் ரோல். கழுவி வந்தபோது 31 படங்களில் நாத்தனார் பிள்ளைகள் இருந்தார்கள்.

பிறகு மாமியார் பெருந்தன்மையாக ஒரு காரியம் செய்தார். "ஏப்பா, புள்ளைக ரெண்டும் தனியாப் பேசிக்கிட்டே நடந்து இறங்கட்டும். நாம வண்டில சுத்திப் போயி குரங்கணில நிப்போம்." டாப் ஸ்டேஷனிலிருந்து குரங்கணிக்குக் காட்டுவழி இறக்கம், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நெகிழ்ச்சியில், மூட்டைகள் எல்லாம் ஜீப்போடு போகின்றன, புளியோதரைத் தூக்கும் போகிறது என்பதைக் கவனிக்கவில்லை. தோளில் கைப்பை மட்டும் இருந்தது. அவர் கையில் கயிறு இருந்தது.

முதல் ஒரு மணி நேரம் சரித்திரம். மூணாற்றுத் தேயிலையை மலையிலிருந்து இறக்க வெள்ளைக்காரன் 1902இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாளம் போட்டான். பிறகு 1908இல் அதைச் சிறிய ரயிலாக மாற்றினான். டாப் ஸ்டேஷன் வரை ரயில், அங்கிருந்து கீழே பாட்டம் ஸ்டேஷன் வரை ரோப்வேயில் பெட்டி பெட்டியாகத் தேயிலை இறங்கும், அப்புறம் வண்டியில் போடிக்கு. 1924 வெள்ளத்தில் ரயில் பாதை அடித்துக்கொண்டு போய்விட்டது. அவர் இதைச் சொல்லும்போது முகம் பள்ளிக்கூடப் பையன் மாதிரி இருந்தது.

"அந்த ரோப்வே இப்ப இருக்காங்க?"

"இல்லையே. ஏன்?"

"தேயிலைப் பெட்டிக்குப் பதிலா என்னை இறக்க முடியுமான்னு பார்த்தேன்."

மலைக்காரர்களின் தூர அளவைகளை இங்கே பதிவு செய்துவிடுகிறேன். 'இந்தா' என்றால் அரை மணி நேரம். 'பக்கத்துலதான்' என்றால் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. 'அந்தா தெரியுதுல்ல' என்று கை காட்டினால், தெரிவது வேறு மலை. நாம் போக வேண்டிய இடம் அதற்குப் பின்னால் இருக்கிறது. எனக்கு அன்று சொல்லப்பட்டது, "பக்கத்துலதான் சென்ட்ரல் ஸ்டேஷன், அங்க போயி டீ குடிப்போம்." சென்ட்ரல் ஸ்டேஷன் என்றதும் நான் சென்னையைத்தான் நினைத்தேன். அவ்வளவு பெரிதாக இல்லாவிட்டாலும் ஒரு பிளாட்பாரம், ஒரு பெஞ்சு, "டீ, காபி" என்று குரல் கொடுக்கும் ஒருவர். அந்தப் பெஞ்சை நினைத்துக்கொண்டே ஒன்றரை மணி நேரம் இறங்கினேன்.

நடுவில் சோலைக்காடு. மழை பெய்து நின்ற நேரம். காலில் ஏதோ ஈரமாக இருக்கிறதென்று சேலையைத் தூக்கிப் பார்த்தால் கணுக்காலில் மூன்று, அவர் காலில் ஐந்து. அட்டை நம் நடையின் அதிர்வையும் மூச்சையும் உடம்புச் சூட்டையும் வைத்தே ஆள் வருவதைக் கண்டுபிடித்துவிடும். கடிப்பது தெரியாது. ரத்தம் உறையாமலிருக்க ஹிருடின் என்ற ஒன்றைச் செலுத்துவதால் அது விழுந்த பிறகும் ஒழுகிக்கொண்டிருக்கும். பிய்த்து இழுக்கக் கூடாது, தீக்குச்சி வைக்கக் கூடாது. நகத்தால் வாய்ப்பக்கம் நெருடித் தள்ளலாம், இல்லாவிட்டால் உப்பு. "உப்பு இருந்தா போதும்" என்றார் அவர், இல்லாத ஒன்றைச் சொல்லும் குரலில். நான் கைப்பையைத் திறந்து அம்மாவின் திருஷ்டி முடிச்சை அவிழ்த்தேன். எட்டும் சுருண்டு விழுந்தன. யார் கண்ணிலிருந்து காப்பாற்ற அம்மா கொடுத்தாளோ தெரியாது. மிளகாயைத் திரும்ப முடிந்துகொண்டேன். என் கணவர் அன்றிலிருந்து என் அம்மா கட்டிக்கொடுக்கும் எதையும் வேண்டாமென்று சொன்னதில்லை.

சென்ட்ரல் ஸ்டேஷன் என்பது சில வீடுகள். நாய் ஒன்று எங்களைப் பார்த்து எழுந்து, யோசித்து, திரும்பப் படுத்துக்கொண்டது. பிளாட்பாரம் இல்லை. டீ விற்பவர் இல்லை. நான் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினேன். இரண்டு கால் விரலும் மெட்டியைச் சுற்றி வீங்கியிருந்தன. உள்ளேயிருந்து ஒரு பாட்டி வந்து பார்த்துவிட்டு, கேட்காமலே கடுங்காப்பி போட்டுக் கொண்டுவந்தார்.

"கல்யாணமாகி எத்தனை நாளாச்சு தாயி?"

"பன்னெண்டு நாள் பாட்டி."

அவர் என் கணவரை மேலும் கீழும் பார்த்தார். "அதுக்குள்ள நடக்க விட்டுட்டயாப்பா" என்றார். காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். அந்தக் காபி எத்தனை டிகிரி என்று யாரும் எனக்கு விளக்கவில்லை. நானும் குறை சொல்லவில்லை.

கயிற்றுக்கு அங்கேதான் உபயோகம் வந்தது. என் இரண்டு ஷூவையும் அதில் கட்டிக் கழுத்தில் மாலை போலப் போட்டுக்கொண்டு, தன் ஒன்பதாம் நம்பர் ரப்பர் செருப்பை எனக்குக் கொடுத்துவிட்டு, வெறுங்காலோடு முன்னால் இறங்கினார். மண்டபத்தில் போட்ட ரோஜா மாலையைவிட அது அவருக்குப் பொருத்தமாக இருந்தது என்பது என் அபிப்பிராயம்.

நாலு மணி நேரம் என்று சொன்ன இறக்கம் ஆறு மணி நேரம் ஆனது. குரங்கணியில் ஜீப் நின்றது. எட்டு பேரில் ஆறு பேர் மரத்தடியில் துண்டு விரித்து உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் எவர்சில்வர் தூக்கு, மூடி தனியாக. "உங்களுக்குன்னு எடுத்துத்தான் வச்சிருந்தேன் தாயி. சின்னவன் பசின்னு அழுதான்" என்றார் மாமியார். தூக்கின் அடியில் ஒரு பிடி இருந்தது. இருவரும் பிசைந்து சாப்பிட்டோம். தேனிலவில் நாங்கள் தனியாகச் சாப்பிட்ட சாப்பாடு அதுதான், ஆறு பேர் பார்க்க.

மற்றபடி

அக்கா மகள் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போனாள். மலை ரயிலில்தான் போவேன் என்று அடம். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி 46 கிலோமீட்டர், மேலே ஏற ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. 1908இல் ஊட்டி வரை எட்டிய ரயில், 2005இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல் தண்டவாளத்தைப் பற்றிக்கொண்டு, எஞ்சின் பின்னாலிருந்து தள்ள, பெட்டிகள் ஏறும். முன்பதிவு 60 நாளைக்கு முன்னால்தான் திறக்கும், திறந்த வேகத்தில் தீர்ந்தும் போகும். வழியில் 208 வளைவு, 250 பாலம், 16 குகை. பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க என்று வாழ்த்தி அனுப்பினேன். பதினாறு குகையிலும் இருட்டு வந்தவுடன் மொத்தப் பெட்டியும் 'ஓ'வென்று கத்தியதாம், ஒரு கல்லூரிச் சுற்றுலா கூட ஏறியிருந்ததாம். இருட்டில் மாப்பிள்ளை ஒரு வார்த்தை சொன்னாராம். என்னவென்று அவளுக்கு இன்றுவரை தெரியவில்லை.

கொடைக்கானல் ஏரி 1863இல் வெரே லெவிஞ்ச் என்ற, மதுரையில் கலெக்டராக இருந்தவர் உண்டாக்கியது. பார்க்க நட்சத்திர வடிவம். மிதிபடகில் போனால் ஒருவர் மிதிப்பார், ஒருவர் படம் எடுப்பார். நட்சத்திரத்தின் எந்த முனைக்குள் நுழைந்தோம் என்று தெரியாமல் இருவரும் சேர்ந்து மிதிப்பது வாடகை நேரம் முடியப் பத்து நிமிஷம் இருக்கும்போது. குணா குகைக்குப் போனால் 1991 படத்தின் ஞாபகத்திலும் 2024இல் வந்த 'மஞ்சும்மல் பாய்ஸ்' ஞாபகத்திலும் ஆளாளுக்கு "அபிராமி" என்று கத்திக்கொண்டிருப்பார்கள். உங்கள் மனைவியின் பெயர் அபிராமி இல்லையென்றால் நீங்கள் கத்த வேண்டாம். அக்கா மகளின் புருஷன் கத்தினார். கல்லூரியில் அந்தப் பெயரில் யார் இருந்தது என்ற விசாரணை பழனி வரை நடந்தது.

அந்த விசாரணையின் நடுவில்தான் பிரேக்கிலிருந்து புகை வந்தது. இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பி வந்திருக்கிறார். ஏறும்போது எந்த கியரோ அதே கியரில்தான் இறங்க வேண்டும். எதிரே ஏறி வரும் வண்டிக்கு நீங்கள்தான் நின்று வழிவிட வேண்டும். மலைப்பாதைச் சட்டம் இது. எங்கள் வீட்டில் மாடிப்படியிலும் இதுதான் நடைமுறை.

2018இல் குறிஞ்சி மறுபடி பூத்தது. நாங்கள் இருவர் மட்டும் போவதாகப் பன்னிரண்டு வருஷமாகத் திட்டம். அந்த ஆகஸ்டில் கேரளத்தில் பெருவெள்ளம் வந்து மூணாறுப் பாதைகள் அறுந்துபோயின. அடுத்த பூப்பு 2030. அடுத்து பூக்கையில் இருப்பேனோ என்னமோ என்ற என் மாமியார் நன்றாகவே இருக்கிறார். போன மாதம் தேனியில் ஒரு கம்பளி ஸ்வெட்டர் வாங்கி, ரசீதோடு பீரோவில் வைத்திருக்கிறார். எதற்கு என்று நாங்கள் கேட்கவில்லை.

கடைசியாக ஒரு நடைமுறைச் செய்தி. 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். அரசுப் பேருந்திலோ ரயிலிலோ போனால் வேண்டாம். சொந்த வண்டியென்றால் இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். வண்டி நம்பர் கேட்கும், எந்தத் தேதி என்று கேட்கும், எத்தனை பேர் என்று கேட்கும். ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு கதவைச் சாத்திக்கொண்டு விண்ணப்பியுங்கள். அந்தக் கட்டத்தில் 2 என்று போடுங்கள். பாஸ் கைக்கு வந்த பிறகு வீட்டில் சொல்லுங்கள்.